கம்ப்யூட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் மொழி படிப்பது எப்படி?



"அக்கா, எங்க வீட்ல கம்ப்யூட்டர் இல்ல. ஸ்கூல்ல வாரத்துக்கு ரெண்டு பீரியட்தான் லேப். அதுலயும் ஒரு கம்ப்யூட்டருக்கு மூணு பேர். புக்கைத் திறந்தா ஒண்ணும் புரியல. பேசாம வேற குரூப்புக்கு மாறிடட்டுமா?"

போன வாரம் ஒரு தங்கை என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டது ஒருத்திதான். ஆனால் இதே கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு இன்னும் பத்துப் பேராவது உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பதிலைச் சுவரிலேயே எழுதிவிடுகிறேன். மாற வேண்டாம். நம் பாடப்புத்தகம், ஒரு ரஃப் நோட்டு, ஒரு பென்சில், ஒரு ரப்பர், இவை போதும். எப்படி என்று கேட்கிறீர்களா? வாங்க பார்க்கலாம்.

முதலில் புத்தகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பதினொன்றில் நாம் படிப்பது சி பிளஸ் பிளஸ். பன்னிரண்டில் பைத்தான். சி பிளஸ் பிளஸ் மொழியை உருவாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் 1979ல் வேலையைத் தொடங்கினார். 1983ல்தான் இந்தப் பெயர் வந்தது. ++ என்றால் அந்த மொழியில் 'ஒன்று கூட்டு' என்று பொருள். அதாவது சி மொழிக்கு ஒரு படி மேலே! பைத்தானை 1991ல் வெளியிட்டவர் நெதர்லாந்தின் கைடோ வான் ராசம். மலைப்பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒரு ஆங்கில நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரிலிருந்து வைத்தது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு உதவும், குறித்துக்கொள்ளுங்கள். இதோடு வரலாறு போதும்.

நம்மில் பலர் கணினிப் புத்தகத்தையும் வரலாற்றுப் புத்தகம் மாதிரியே படிக்கிறோம். அதாவது நிரலை அப்படியே மனப்பாடம் செய்வது. அடைப்புக்குறி, அரைப்புள்ளி உட்பட கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் '1 முதல் 10 வரை கூட்டு' என்றால் டக்கென்று எழுதிவிடுவார்கள். 'அதில் இரட்டைப்படை எண்களை மட்டும் கூட்டு' என்று சும்மா மாற்றிக் கேட்டுப் பாருங்கள், பேனா நின்றுவிடும். மனப்பாடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வரையறை கேட்கும் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது வேண்டும். ஆனால் நிரல் என்பது செய்யுள் இல்லை. அது சமையல் குறிப்பு மாதிரி. ஒப்பித்தால் சாம்பார் வராது, செய்து பார்த்தால்தான் வரும்.

கம்ப்யூட்டர் இல்லாமல் எங்கே செய்து பார்ப்பது? தாளில்தான்!

அதற்கு ஒரே ஒரு விஷயம் புரிய வேண்டும். மாறி என்கிறார்களே, அது ஒரு டப்பா. டப்பாவின் மேல் ஒரு பெயர், உள்ளே ஒரே ஒரு மதிப்பு. புதிதாக ஒன்றைப் போட்டால் பழையது போய்விடும். இப்போது இந்த வரியைப் பாருங்கள். (புத்தகத்தில் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கும். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். பக்கத்தில் புத்தகத்தை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.)

கூட்டு = கூட்டு + எண்

கணக்கு நோட்டில் இப்படி எழுதினால் அடி விழும். எண் பூஜ்ஜியமாக இல்லாதவரை இது பொய்யான சமன்பாடு. ஆனால் இங்கே = என்றால் 'சமம்' இல்லை, 'போடு' என்று அர்த்தம். எப்போதும் வலப்பக்கம் முதலில். டப்பாக்களில் இப்போது இருப்பதை எடுத்துக் கணக்குப் போடு. வந்த விடையை இடப்பக்க டப்பாவில் போடு. அவ்ளோதான். புத்தகத்தைப் பார்த்துப் பயப்படுகிற பாதிப் பேர் இந்த ஒரு குறியில்தான் தடுக்கி நிற்கிறார்கள் என்பது என் கருத்து.

சரி, ஒரு முழு நிரலை ஓட்டுவோம். 1 முதல் 5 வரை கூட்ட வேண்டும்.

கூட்டு = 0
எண் = 1
எண் <= 5 என்பது உண்மையாக இருக்கும்வரை இந்த இரண்டையும் செய்:
— கூட்டு = கூட்டு + எண்
— எண் = எண் + 1
முடிந்ததும் கூட்டு டப்பாவில் இருப்பதைக் காட்டு

ரஃப் நோட்டில் ஒரு கட்டம் போடுங்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு பத்தி. நீங்கள்தான் இப்போது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கு அறிவு கிடையாது, ஊகிக்கத் தெரியாது. 'விடை 15 தானே' என்று தாவக் கூடாது. ஒவ்வொரு வரியாக மட்டும் போக வேண்டும்.

தொடக்கம்: கூட்டு 0, எண் 1
சுற்று 1: கூட்டு 1, எண் 2
சுற்று 2: கூட்டு 3, எண் 3
சுற்று 3: கூட்டு 6, எண் 4
சுற்று 4: கூட்டு 10, எண் 5
சுற்று 5: கூட்டு 15, எண் 6
6 <= 5? பொய். வெளியே வா. காட்டு: 15

எண் டப்பாவில் கடைசியில் என்ன இருக்கிறது பார்த்தீர்களா? 5 இல்லை, 6! வெறுமனே வாசித்துக்கொண்டு போனவர்களுக்கு இது கண்ணில் படவே படாது. ஆறு வந்ததால்தான் மடக்கு நின்றது.

இனிமேல்தான் விளையாட்டு. நன்றாக ஓடுகிற நிரலை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். <= என்பதில் = குறியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 10 வரும். மடக்கின் உள்ளே இருக்கும் இரண்டு வரிகளை இடம் மாற்றுங்கள். இப்போது 2 முதல் 6 வரை கூட்டி 20 என்று சொல்லும். 'எண் = எண் + 1' என்ற வரியையே எடுத்துவிடுங்கள். எண் 1 ஆகவே இருக்கும், மடக்கு நிற்கவே நிற்காது. நோட்டு தீர்ந்துபோகும் முன்பு நீங்களே நிறுத்திவிடுவீர்கள். லேபில் திரை உறைந்துபோனால் சார் வந்து கேட்பாரே, அது பெரும்பாலும் இந்தச் சங்கதிதான்.

என்னிடம் கேள்வி கேட்ட தங்கை நான்கு நாளாக இப்படிக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தாள். "அக்கா, ஒயில் மடக்குல எண்ணை 10ன்னு வெச்சு ஆரம்பிச்சேன். உள்ளேயே போகல. டூ ஒயில்ல மட்டும் ஒரு தடவ உள்ள போய்ட்டு வருது. இதானா அந்த அஞ்சு மார்க் கேள்வி?" என்றாள். அதேதான்! ஒயில் வாசலிலேயே நிபந்தனையைக் கேட்கும். 10 <= 5 பொய், போய்ட்டு வா என்று அனுப்பிவிடும். டூ ஒயில் உள்ளே விட்டு, வேலையை ஒரு தடவை முடித்த பிறகு, வெளியே போகும் வாசலில்தான் கேட்கும். நுழைவு சோதிப்பு, வெளியேறு சோதிப்பு என்று நோட்ஸில் கட்டம் கட்டி எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்.

அப்படியென்றால் லேப் எதற்கு? வேண்டும், கண்டிப்பாக வேண்டும். ஆனால் போகும் விதத்தில் போக வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் என்று வருத்தப்படாதீர்கள். எங்கள் குழுவில் ஒருத்தி டைப் அடிப்பாள், ஒருத்தி புத்தகத்திலிருந்து வாசிப்பாள், மூன்றாவது ஆள் தாளில் கட்டம் போட்டு 'இதுதான் வரப்போகுது' என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டுவோம். அடுத்த நிரலுக்கு இடம் மாறிக்கொள்வோம். உண்மையில் அதிகம் கற்றுக்கொள்வது தாள் வைத்திருக்கிற ஆள்தான். டைப் அடிக்க அடித்துக்கொள்கிறவர்களுக்கு இது புரிவதில்லை!

லேபில் கெடுத்துப் பார்க்கவும் நிறைய இருக்கிறது. ஒரு அரைப்புள்ளியை எடுத்துவிடுங்கள். நிரல்பெயர்ப்பி கத்தும். ஆனால் பழைய நிரல்பெயர்ப்பிகள் பலவற்றில் பிழை இருக்கும் வரியை விட்டுவிட்டு அதற்கு அடுத்த வரியைக் காட்டும். அதுவரை வாக்கியம் முடியவில்லை என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கும். ஆகவே காட்டிய வரியில் தப்பு இல்லையென்றால் ஒரு வரி மேலே பாருங்கள்.

இது சத்தம் போடும் பிழை. சத்தமே போடாத பிழைதான் ஆபத்து. 'மதிப்பெண் 35க்குச் சமம் என்றால்' என்று கேட்க == என இரண்டு குறி போட வேண்டும். ஒன்றே ஒன்று போட்டால்? மேலே பார்த்தோமே, ஒற்றை = என்றால் 'போடு'. டப்பாவில் இருந்த மதிப்பெண் போய் 35 உட்கார்ந்துவிடும். பூஜ்ஜியம் அல்லாத எதுவும் இந்த மொழிக்கு உண்மைதான். ஆக முட்டை வாங்கியவரும் சரியாக 35 எடுத்தவர் ஆகிவிடுவார்! 7/2 என்று முழு எண்களை வகுத்தால் 3 என்று வரும், 3.5 வராது. பெயரைக் கேட்டு வாங்கும் நிரலில் 'ஆர். கவிதா' என்று இடைவெளி விட்டு அடித்தால், சாதாரண உள்ளீட்டுக் கட்டளை 'ஆர்.' வரைதான் எடுத்துக்கொள்ளும். இனிஷியலை முன்னால் போடும் நம்ம ஊருக்கு ஏற்ற பிழை!

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது காரணீயப் பெருக்கம். 5 என்றால் 1×2×3×4×5 = 120. புத்தகத்து நிரலில் 12 கொடுத்தால் 479001600 என்று சரியாகச் சொல்லும். 13 கொடுங்கள். பெரும்பாலும் 1932053504 என்று வரும். பிழை என்று ஒரு வார்த்தை வராது. பார்க்கப் பெரிய எண்ணாக, நம்பும்படியாக இருக்கும். ஆனால் அது தவறு! தாளும் பென்சிலும் வைத்திருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? 13 வரை பெருக்கும்போது நடுவில் ஒரு 10 இருக்கிறது, ஒரு 2 × 5 இருக்கிறது. ஆகவே விடையின் கடைசியில் இரண்டு பூஜ்ஜியம் இருந்தே தீர வேண்டும். 504 என்று எப்படி முடியும்? சரியான விடை 6227020800. சாதாரண முழு எண் டப்பாவுக்கு 4 பைட் இடம்தான். அதில் 2147483647க்கு மேல் கொள்ளாது. கொள்ளாததைக் கொட்டினால் வழிந்து போகிறது, அவ்ளோதான். இன்னும் பெரிய டப்பா வேண்டும் என்று தரவினத்தை மாற்ற வேண்டும். தரவினங்களின் பட்டியலை எதற்குப் படிக்கிறோம் என்று இங்கேதான் எனக்கு விளங்கியது. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்களிடம் இந்த 13ஐக் காட்டுங்கள்.

தாளில் ஓட்டுவது ஏழைகள் செய்கிற வேலை என்று யாராவது கிண்டல் செய்தால் ஒரு கதை சொல்லுங்கள். இங்கிலாந்தில் அடா லவ்லேஸ் என்று ஒரு பெண்மணி. சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட 'அனலிடிகல் எஞ்சின்' என்ற இயந்திரத்தைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் வந்த கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கட்டுரையைவிட நீளமான குறிப்புகளைச் சேர்த்து 1843ல் வெளியிட்டார். கடைசிக் குறிப்பில் பெரிய அட்டவணை ஒன்று இருக்கிறது. பெர்னோலி எண்களைக் கணக்கிட எந்தப் படியில் எந்த மாறியை எடுக்க வேண்டும், விடை எந்த மாறிக்குப் போகும், அதன் மதிப்பு எப்படி மாறும் என்று வரி வரியாக! நாம் ரஃப் நோட்டில் போட்ட கட்டத்துக்கு அதுதான் மூத்த அக்கா. அந்த இயந்திரம் கடைசிவரை கட்டி முடிக்கப்படவே இல்லை. இல்லாத கம்ப்யூட்டருக்குத் தாளில் நிரல் ஓட்டியிருக்கிறார். நமக்காவது வாரம் இரண்டு பீரியட் இருக்கிறது.

வீட்டில் அண்ணன், அப்பா யாரிடமாவது ஸ்மார்ட்போன் இருந்தால் அதிலும் சி பிளஸ் பிளஸ் ஓட்டலாம். குட்டி விசைப்பலகையில் அடைப்புக்குறி தேடுவது கொஞ்சம் எரிச்சல்தான். தாளில் முடித்துவிட்டு, சரிபார்க்க மட்டும் வாங்குங்கள். பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டால் அடுத்த முறையும் தருவார்கள்!

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. கீழே உள்ளதைக் கட்டம் போட்டு ஓட்டுங்கள்.

எண் = 1729
திருப்பு = 0
எண் பூஜ்ஜியம் ஆகும்வரை இந்த மூன்றையும் செய்:
— மீதி = எண்ணை 10 ஆல் வகுத்தால் வரும் மீதி
— திருப்பு = திருப்பு × 10 + மீதி
— எண் = எண் / 10 (முழு எண் வகுத்தல், 7/2 நினைவிருக்கட்டும்)
முடிந்ததும் திருப்பு டப்பாவில் இருப்பதைக் காட்டு

என்ன வரும்? சரி, அது எளிது. முதல் வரியில் 1729க்குப் பதில் 1200 வைத்தால் என்ன வரும்? ஏன் நான்கு இலக்கம் வரவில்லை? விடையை மட்டும் எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டோம், கட்டமும் வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் லேப் கதவுப் பக்கம் உள்ள அட்டைப்பெட்டியில் போடுங்கள். சரியாகச் செய்தவர்களின் பெயர் அடுத்த இதழில் இதே இடத்தில் வரும்.

— பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பிரிவு மாணவி