சதுரங்கப் பாடம்: நம் பிள்ளைக்கு எந்தத் தொடக்கம்?



நமது ஆலய மண்டபத்தில் நடக்கும் சதுரங்க வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எந்த ஓப்பனிங் படித்தால் பிள்ளை வெல்லும்?" என்பதே அது. இந்த இதழில் அதற்கு விடை கூற முயல்கிறோம்.

சதுரங்கம் நமக்குப் புதியதல்ல. திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்துக்கு அருகே உள்ள திருப்பூவனூரில் சிவபெருமானின் திருநாமமே சதுரங்க வல்லபநாதர். அரசகுமாரியாக வளர்ந்த அம்பிகையைச் சதுரங்கத்தில் வென்று அவர் மணம் புரிந்தார் என்பது தலவரலாறு. ஆனால் நம் தாத்தாமார் ஊரில் ஆடிய பழைய முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம் மட்டுமே செல்லும். இன்றைய உலக முறையில் முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லலாம். ஆகவே இரு படைகளும் விரைவில் மோதிக்கொள்கின்றன. முதல் பத்து நகர்வுகளைக் கவனமாக ஆட வேண்டியிருப்பது இதனால்தான்.

இப்பாடத்தில் ராஜா, ராணி, மந்திரி, குதிரை, யானை, சிப்பாய் என்ற பெயர்களையே பயன்படுத்துகிறோம். மூலைவிட்டமாகச் செல்வது மந்திரி. மூலையில் நிற்பது யானை. கட்டங்களின் வரிசைகளை வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று குறிக்கிறோம். ராஜாவுக்கு முன் உள்ள வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் சென்றால் அது இ4.

எங்களுக்குக் கிடைத்த பாடம்

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வகுப்பில் பத்து வயதுப் பையன் ஒருவன் நல்ல ஞாபகசக்தி உடையவன். தேவாரப் பதிகங்களைத் தடங்கலின்றி ஒப்புவிப்பான். அவனுடைய திறமையைக் கண்டு மகிழ்ந்து, சிசிலியன் தடுப்பாட்டத்தின் நஜ்டார்ஃப் வகையைப் பதினைந்து நகர்வுகள் வரை மனப்பாடம் செய்ய வைத்தோம். பாபி ஃபிஷரும் காஸ்பரோவும் விரும்பி ஆடிய தொடக்கம் அது. போட்டி நாளில் எதிரே அமர்ந்த பிள்ளை இரண்டாவது நகர்விலேயே, புத்தகத்தில் உள்ளபடி குதிரையை எடுக்காமல், மந்திரியை சி4 கட்டத்துக்கு நகர்த்தியது. அது ஒன்றும் பெரிய நகர்வல்ல. ஆனால் நம் பையனுக்கு அங்கேயே பாடம் முடிந்துவிட்டது. படித்த நகர்வுகளையே வரிசையாக ஆடிக்கொண்டு போனான். பன்னிரண்டாவது நகர்வில் ராஜா பிடிபட்டது. அதன்பின் இரண்டு மாதம் அவன் வகுப்புக்கு வரவில்லை.

தோற்றது பிள்ளை, பிழை எங்களுடையது. அவனுடைய அளவுக்குத் தைக்காத சட்டையை அவனுக்கு மாட்டிவிட்டோம். எந்தத் தொடக்கம் சிறந்தது என்று கேட்பதைவிட, பிள்ளை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை என்பதை அன்று உணர்ந்தோம்.

முதற் படி: காயை வெறுமனே பறிகொடுக்கும் பிள்ளை

காய்களின் நகர்வு தெரியும். ஆனால் எதிராளி எதை வெட்டப் போகிறார் என்று பார்க்கத் தவறும். பெரும்பாலான பிள்ளைகள் நிற்பது இந்தப் படியில்தான். இவர்களுக்கு இத்தாலிய ஆட்டமே போதுமானது. பதினேழாம் நூற்றாண்டில் கிரேக்கோ என்ற இத்தாலியர் தம் கையெழுத்துப் பிரதிகளில் எழுதி வைத்த தொடக்கம் இது. இன்றைய கிராண்ட்மாஸ்டர்களும் இதை ஆடுகிறார்கள்.

வெள்ளை: சிப்பாய் இ4, குதிரை எஃப்3, மந்திரி சி4. பின் காஸ்லிங் எனப்படும் கோட்டை கட்டுதல். அதன்பின் டி3, சி3 என்று சிப்பாய்கள். கறுப்பு ஆடும்போது இ4-க்குப் பதில் இ5, அடுத்துக் குதிரை சி6. வெள்ளை டி4 ஆடினால் டி5, இ6, குதிரை எஃப்6, மந்திரி இ7, பிறகு கோட்டை. இவ்வளவுதான்.

இதில் ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் உண்டு. சிப்பாய் நடுக்களத்தைப் பிடிக்கிறது. மந்திரிக்கும் ராணிக்கும் வழி விடுகிறது. குதிரை இ5 சிப்பாயைத் தாக்குகிறது. மந்திரி எஃப்7 கட்டத்தைக் குறிவைக்கிறது. கறுப்பு ராஜா தவிர வேறு எந்தக் காயும் தொடக்கத்தில் அந்தக் கட்டத்தைக் காப்பதில்லை.

இந்தப் படியில் தெரிந்துகொள்ள வேண்டிய பொறி ஒன்று உண்டு. வெள்ளை இ4, மந்திரி சி4, ராணி எச்5 என்று வந்து, நான்காவது நகர்வில் எஃப்7-ஐ வெட்டி ஆட்டத்தை முடிக்கும். பள்ளியில் இதில் தோற்று அழுது வந்த பிள்ளைகள் பலர். கறுப்பு இ5, குதிரை சி6 ஆடியிருக்கும்போது ராணி எச்5-க்கு வந்தால், பதறாமல் ஜி6 சிப்பாயைத் தள்ளி ராணியைத் துரத்தவும். ராணி எஃப்3-க்குப் போய் மீண்டும் மிரட்டினால், மற்றக் குதிரையை எஃப்6-இல் வைத்து வழியை மறிக்கவும். இப்போது கறுப்பின் இரு குதிரைகளும் வெளியே வந்துவிட்டன. வெள்ளையோ ராணியை இரண்டு முறை அலையவிட்டிருக்கிறது. மிரட்டல் தோற்றது.

இரண்டாம் படி: இரண்டு நகர்வு முன்னே பார்க்கும் பிள்ளை

காயை வெறுமனே விடுவது குறைந்து, குதிரையால் இரு காய்களை ஒருசேரத் தாக்குவது போன்றவை கண்ணில் படத் தொடங்கியதும் அடுத்த படி. இங்கே ஸ்காட்ச் ஆட்டத்தைப் பழகலாம். இத்தாலிய ஆட்டம் போலவே தொடங்கி, மூன்றாவது நகர்வில் மந்திரிக்குப் பதிலாக டி4 சிப்பாயைத் தள்ளுவது. களம் விரைவில் திறக்கும். தாக்கவும் தற்காக்கவும் பழக்கம் வரும். 1990-இல் கார்ப்போவுடன் நடந்த உலகப் பட்டப் போட்டியில் காஸ்பரோவ் இதை ஆடினார். அமைதியாக ஆட விரும்பும் பிள்ளைக்கு டி4, அடுத்து சி4 என்னும் ராணிக் காம்பிட் நல்லது. கறுப்புக்கு, இ4-க்குப் பதில் சி6 ஆடும் கேரோ-கான் தடுப்பாட்டம் உறுதியானது. அடுத்து டி5 தள்ளுவதுதான் அதன் நோக்கம் என்பதைப் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

இவற்றில் வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு போதும். மாதம் ஒரு தொடக்கம் மாற்றினால் எதுவும் கைவராது.

மூன்றாம் படி: நகர்வுகளை எழுதிப் போட்டி ஆடும் பிள்ளை

தரப்புள்ளி பெற்று, ஆட்டம் முடிந்தபின் தன் பிழையைத் தானே காட்டக்கூடிய பிள்ளைக்கு சிசிலியன், ரூய் லோபஸ் முதலியவற்றின் கதவைத் திறக்கலாம். அப்போதும் நகர்வுகளை மட்டும் படித்தால் போதாது. அந்தத் தொடக்கத்தில் வல்லவர்கள் ஆடிய முழு ஆட்டங்களைப் பலகையில் வைத்து ஆடிப் பார்க்க வேண்டும்.

எப்படி அறிவது?

உங்களுக்குச் சதுரங்கம் தெரியாவிட்டாலும் இந்த மூன்று கேள்விகளை வீட்டில் கேட்கலாம்:

1. இந்த நகர்வு ஏன்? "புத்தகத்தில் இருக்கிறது" என்பது பதிலல்ல.
2. எதிராளி வேறு நகர்வு ஆடினால் என்ன செய்வாய்?
3. பத்து நகர்வு முடிந்தது. இனி எந்தக் காயை எங்கே கொண்டு போவாய்?

மூன்றுக்கும் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் பதில் சொன்னால், அந்தத் தொடக்கம் அதன் அளவுக்குப் பொருந்தியது. சொல்ல முடியாவிட்டால் ஒரு படி இறங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் செய்து பாருங்கள். கடைசியாகத் தோற்ற பத்து ஆட்டங்களில் ஆட்டம் எங்கே கைவிட்டுப் போனது என்று ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் காயைப் பறிகொடுத்த இடமே காரணமாக இருக்கும். அப்படியானால் தொடக்கத்தை மாற்றிப் பயனில்லை. ஒரு மணி நேரப் பயிற்சியில் தொடக்கத்துக்குப் பத்து நிமிடம் போதும். மிகுதி நேரம் புதிர்களுக்கும் இறுதி ஆட்டத்துக்கும் செல்லட்டும்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதை நாம் அனைவரும் கொண்டாடினோம். அந்தக் கடைசி ஆட்டம் தொடக்கத்தில் முடிவாகவில்லை. சில காய்களே எஞ்சியிருந்தபோது, 55-ஆவது நகர்வில் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதைக் கண்டுகொண்டார். கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்த கண்ணே அன்று வென்றது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் கற்றுத் தந்தவர் அவருடைய தாயார். தடித்த புத்தகத்தை வாங்கிக் கொடுப்பதைவிட, பலகைக்கு எதிரே அரை மணி நேரம் அமர்வது மேல். அடுத்த வீட்டுப் பிள்ளை எத்தனை தொடக்கம் படித்திருக்கிறது என்ற ஒப்பீடும் வேண்டாம்.

முன்னர் சொன்ன பையன் திரும்பி வந்தான். இத்தாலிய ஆட்டத்திலிருந்து மீண்டும் ஆரம்பித்தோம். அடுத்த போட்டியிலும் இரண்டு ஆட்டங்கள் தோற்றான். ஆனால் வெளியே வந்ததும், "குதிரையைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்" என்று தானே சொன்னான். முன்பு அவனுக்குத் தோற்றது மட்டுமே தெரியும். இப்போது எங்கே தோற்றான் என்பது தெரிகிறது. அந்த ஆட்டங்களை மறு வாரம் வகுப்பில் அவனே பலகையில் வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டினான்.