வாலடியில் ஓயாத சொறி

எங்கள் லாப்ரடாருக்கு நான்கு வயது. இரண்டு மாதமாக ராப்பகலாகச் சொறிகிறது. வாலடியில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. வேப்பெண்ணெய் தடவியும் குறையவில்லை. என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

வாலடியில் என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. இது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லையே என்பீர்கள். நாய் நக்கியே விழுங்கிவிடும். பேன் சீப்பால் வாலடியை வாரி, வரும் கருப்புப் பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் கழிவு, உங்கள் செல்லத்தின் ரத்தம்தான்.

கால்நடை மருத்துவரிடம் நாயின் எடையைச் சொல்லித் தெள்ளுப்பூச்சி மாத்திரை வாங்குங்கள். ஒரு மாதத்தோடு நிறுத்தாதீர்கள். கூட்டுப்புழுக்கள் வீட்டு மூலைகளில் காத்திருக்கும், 3 மாதமாவது தொடர வேண்டும். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் மருந்து தேவை. ஆனால் நாய்க்கான சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பெர்மெத்ரின் கலந்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

வேப்பெண்ணெயை விட்டுவிடுங்கள், புண்பட்ட தோல் இன்னும் எரியும், பாவம். நம் சோப்பும் வேண்டாம். குளோர்ஹெக்ஸிடின் கலந்த நாய் ஷாம்பூவைத் தேய்த்து, நுரையோடு 10 நிமிடம் விட்டு, குளிர்ந்த நீரில் கழுவுங்கள்.

புண்ணில் நீர் கசிந்து நாற்றம் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அரிப்பை அடக்கும் மாத்திரையையும் அவரே தருவார். அன்றிரவே குழந்தை நிம்மதியாகத் தூங்கும்.