படமும் சொல்லும்

1931ஆம் ஆண்டு முதல் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார இரயில் ஓடிவருகின்றது. அவ்விரயிலில் ஒரு சிறுவனும் அவன் தங்கையும் தாயுடன் செல்கின்றனர் என வைத்துக்கொள்வோம். சிறுவன் கைப்பேசியில் கார்ட்டூன் படம் பார்க்கின்றான். தங்கை எதிர் இருக்கையில் தாயின் மடியில் இருப்பதால் அவளுக்குப் படம் தெரியவில்லை. "அண்ணா, என்ன நடக்கிறது?" என்று அவள் வினவுகின்றாள். அவனும் சொல்லத் தொடங்குகின்றான். குரோம்பேட்டையைக் கடந்து பல்லாவரம் வருவதற்குள் அவனுக்கு ஓர் உண்மை புலப்பட்டுவிடுகின்றது. படம் ஒரு நொடியில் காட்டியதைக் கூற அவனுக்குப் பத்து வாக்கியங்கள் தேவைப்படுகின்றன. படம் நெடுநேரம் காட்டிய ஓட்டத்தையோ, "துரத்தினான்" என்னும் ஒரு சொல்லே முடித்துவிடுகின்றது.

இவ்வாறு படத்தைச் சொல்லாக்குவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட எழுத்தாளரும் உளர். பிறர் படைத்த கதையை எடுத்து எழுதுவதில் பெருமை யாது எனச் சிலர் கேட்பர். இதற்குத் தமிழிலக்கணம் பண்டே விடை வகுத்துள்ளது. நன்னூலார் நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினார். தொல்காப்பியர் வழிநூலையே தொகுத்தல், விரித்தல், தொகுத்து விரித்தல், மொழிபெயர்த்தல் என நால்வகையாக்கினார். வான்மீகியின் கதையைக் கம்பர் தமிழிற் பாடியதும் வழிநூலே; அதனால் கம்பருக்குக் குறைவு நேர்ந்ததென்று எவரும் கூறார். சிறுவர் படக்கதையைப் பெருங்காப்பியத்தோடு நிறுத்துப் பார்ப்பது தகாதுதான். ஆயினும் விதி இரண்டுக்கும் ஒன்றே: பின்னே எழுதுவோன் தன்னுடையதாக ஏதேனும் ஒன்றைச் சேர்த்தல் வேண்டும்.

தமிழில் இவ்விதிக்கு நல்ல சான்றாக விளங்கியவர் வாண்டுமாமா. அவர் இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த அரிமளத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்தார். பெரியோர்க்குக் கதை எழுதியபோது கௌசிகன் என்றும், சிறுவர்க்கு எழுதியபோது வாண்டுமாமா என்றும் பெயர் பூண்டார். திருச்சியிலிருந்து வெளிவந்த சிறுவர் இதழ்களில் பணிசெய்தபின் சென்னைக்கு வந்து, கல்கி நிறுவனத்திற் பல்லாண்டு உழைத்தார். அந்நிறுவனத்தார் 1972இல் தொடங்கிய கோகுலம் இதழிலும் அவர் கைவண்ணம் இருந்தது. பலே பாலு, ஓநாய்க்கோட்டை முதலிய சித்திரக் கதைகளும், அறிவியல் நூல்களும், பிறநாட்டுக் கதைகளைத் தழுவியவையுமாக அவர் எழுதியவை நூற்றுக்கு மேற்பட்டவை.

1984இல் தோன்றிய பூந்தளிர் என்னும் இதழுக்கு அவர் ஆசிரியரானார். பம்பாயில் அனந்த் பை 1980இல் தொடங்கிய டிங்கிள் என்னும் ஆங்கில இதழின் சித்திரக் கதைகள் பல, பூந்தளிரில் தமிழுருப் பெற்றன. இவ்வேலை பார்வைக்கு எளிது. செய்வோர்க்கே அதன் அருமை தெரியும். படம் முன்னரே வரையப்பட்டுவிட்டது. பேசுவோர் வாயருகே எழுத்துக்கென விட்ட வெற்றிடம் ஆங்கிலச் சொற்களின் அளவுக்கு அமைந்தது. தமிழ்ச் சொற்களோ விகுதியும் உருபும் ஏற்று நீள்வன. எனவே ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுக் குறுக்க வேண்டும். குறுக்கியது உயிரற்றுப் போகவுங் கூடாது. நினைத்த அளவுக்கு வாலை நீட்டவல்ல கபீஷ் என்னும் குரங்கின் வாலைப்போல், சொல்லையும் நீட்டவும் சுருக்கவும் வல்லவரே அதற்குத் தக்கார்.

பெயர்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'ஷிகாரி ஷம்பு' என்பவன், அச்சமே உருவானவனாயினும் தற்செயலாகப் புகழ் பெற்றுவிடும் வேட்டைக்காரன். தமிழில் அவன் 'வேட்டைக்கார வேம்பு' ஆனான். பொருளும் கெடவில்லை, முதலெழுத்து ஒன்றிவரும் ஓசை இன்பமும் கெடவில்லை. 'காலியா' என்னும் காகம் 'காக்கை காளி' ஆயிற்று. யாப்பிலக்கணத்தில் மோனை என்று மாணவர் மனப்பாடம் செய்வது இதுவேயன்றி வேறன்று. இதழ்க் கதைகளில் நடை வழுவுகின்றது என்று குறைகூறும் புலவர்கள் இதனையும் ஒருமுறை நோக்குவது நலம்.

இன்னும் சுவையானது சுப்பாண்டியின் வரலாறு. சொன்னதைச் சொன்னபடியே செய்து கெடுக்கும் இப்பேதையின் கதை, தமிழ்நாட்டு மக்கள் வாய்மொழியில் வழங்கியது. திருச்சி வாசகர் ஒருவர் எழுதியனுப்ப, ராம் வாயீர்க்கர் படம் வரைய, 1983இல் டிங்கிள் இதழில் அவன் ஆங்கிலம் பேசினான். பின்னர் தமிழ் இதழின் வழியே தாய்வீடு திரும்பினான். இங்கு முதல்நூல் எது, வழிநூல் எது என்று துணிவது அரிது!

வாண்டுமாமா 2014ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மறைந்தார். அவர் கையாண்டவை தாளில் நின்ற படங்கள். இக்காலத்திலோ படங்கள் ஓடவும் பேசவும் கற்றுவிட்டன. அவற்றையும் நூலாக்குவோர் உளர். அமெரிக்காவில் ட்ரேசி வெஸ்ட் என்னும் எழுத்தாளர் 1999 முதல், போகிமான் என்னும் சப்பானியக் கார்ட்டூன் தொடரைச் சிறுவர் படிக்கும் கதை நூல்களாக எழுதினார். பல்லாண்டு அத்தகைய பணியிற் பழகிய கையால், 2014 முதல் டிராகன் மாஸ்டர்ஸ் என்னும் சொந்தக் கதைவரிசையையும் அவர் படைத்து வருகின்றார்.

போகிமான் கதையிற் பிகாச்சு என்றொரு மஞ்சள் நிறப் பிராணி உண்டு. அதற்குத் தன் பெயரையன்றி வேறு சொல் தெரியாது. மகிழ்ந்தாலும் வெகுண்டாலும் "பிகா, பிகா" என்பதே அதன் பேச்சு. திரையிற் குரலின் ஏற்றத் தாழ்வும் கண்ணின் அசைவும் பொருளை உணர்த்திவிடும். தாளில் குரலும் இல்லை, கண்ணும் இல்லை. எழுத்தாளனே அவ்விரண்டுமாக நிற்றல் வேண்டும்.

நம் இரயில் இப்பொழுது கிண்டியை நெருங்குகின்றது. படத்தில் மழை பெய்கின்றது. பிகாச்சு தன் தோழனை நோக்கி ஏதோ கூறுகின்றது.

"அண்ணா, அது என்ன சொல்லிற்று?" என்று தங்கை கேட்கின்றாள்.

அவன் சற்றே சிந்திக்கின்றான். பிறகு, "நீ போனால் நானும் கூட வருவேன் என்று சொல்லிற்று" என்கின்றான்.