கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கடல்

நம் தொடர்கல்வி மையத்துக்கு ஒரு பாட்டி வருகிறார். கோலார் தங்கவயலில், மைன்ஸ் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அறுபது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.

ஒருநாள் மாலை, வகுப்பு முடிந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு ப்ரோச் இருந்தது. ப்ரோச் என்றால் சேலையிலோ சட்டையிலோ குத்திக்கொள்ளும் அலங்கார ஊசி. இது முட்டை வடிவம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. சுற்றிலும் கறுத்துப் போன விளிம்பு. நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்குள் பளிச்சென்று நீலக் கடல். கரையில் ஒரு தென்னை மரம். தூரத்தில் ஒரு பாய்மரக் கப்பல்.

“எங்கம்மா துரை பங்களாவில ஆயாவா இருந்தாங்க. துரைசாணி சீமைக்குத் திரும்பிப் போறப்ப குடுத்தது. இது நீலக்கல்லு தம்பி. பேத்திக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். நாளைக்கு அடகுக் கடைக்குப் போறேன். ராத்திரி சோப்புத் தண்ணியில ஊறப்போட்டு, காலையில புளி வெச்சுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்.”

“ஊறப்போடாதீங்க பாட்டி!” என்றேன்.

எனக்கு ஒரு சந்தேகம். தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். பழைய வீடுகளின் பூஜை அறையில் மாட்டியிருப்பார்கள். அந்தப் படங்களில் சாயம் கண்ணாடியின் முன்பக்கம் இருக்காது. பின்பக்கம் இருக்கும். ஒரு வீட்டில் மழை ஒழுகி, அப்படி ஒரு கிருஷ்ணர் படம் பின்னாலிருந்து உரிந்து போனதைப் பார்த்திருக்கிறேன். பாட்டியின் ப்ரோச்சும் அந்த வகையாக இருந்தால்? ஒரே இரவில் கடலும் கப்பலும் கரைந்து போகும்.

மறுநாள் அடகுக் கடைக்கு முன்னால் வேறொரு கடைக்குப் போனோம். கடிகாரம் பழுது பார்க்கும் பாய் கடை. அவரிடம் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் பூதக்கண்ணாடி இருக்கிறது.

முதல் கேள்வி: இது கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? பாய் அதைப் பாட்டியின் கன்னத்தில் வைத்தார். “சில்லுனு இருக்கு” என்றார் பாட்டி. கண்ணாடி தொட்டால் குளிரும். பிளாஸ்டிக் அவ்வளவு குளிராது. பக்கத்தில் நின்ற ஒருவர், “ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பாருங்க, பிளாஸ்டிக்கா இருந்தா உருகும்” என்றார். இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிளாஸ்டிக்காக இருந்தாலும் பொருள் கெட்டுவிடும். பிறகு தெரிந்து என்ன பயன்?

அடுத்த கேள்விதான் முக்கியம். சாயம் எங்கே இருக்கிறது?

பாய் ப்ரோச்சை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். முன்பக்கம் சாயம் பூசியிருந்தால், சாயம் உள்ள இடம் சற்று மேடாகத் தெரியும். விரல் நுனியால் தடவினாலும் தட்டுப்படும். எனாமல் தட்டு தெரியும் அல்லவா? கண்ணாடித் தூளையும் நிறத்தையும் கலந்து பூசி, சூளையில் சுட்டு உருக வைப்பது எனாமல். அப்படிச் சுட்ட சாயமும் கண்ணாடி மேல் ஒரு படலமாகத் தெரியும். ஆனால் இந்த ப்ரோச்சின் முன்பக்கம் தண்ணீர் போல வழவழவென்று இருந்தது. ஜன்னல் வெளிச்சம் தென்னை மரத்தின் மேல் உடையாமல் ஓடியது. அப்படியானால் மரம் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

பின்னால் வரைவது எளிதான வேலை அல்ல. நீங்களே செய்து பாருங்கள். ஒரு கண்ணாடித் துண்டில் மையால் ‘அம்மா’ என்று எழுதுங்கள். கையை வெட்டிக்கொள்ளாமல் திருப்பிப் பாருங்கள். எழுத்து இடம் வலமாக மாறித் தெரியும். அதனால் பின்னால் வரைகிறவர் எல்லாவற்றையும் திருப்பி வரைய வேண்டும்.

இன்னொரு சிரமமும் உண்டு. காகிதத்தில் முகம் வரைந்தால், முகத்துக்கு நிறம் பூசிவிட்டுக் கடைசியில் கண்ணும் பொட்டும் வைப்போம். கண்ணாடிக்குப் பின்னால் வரையும்போது பொட்டும் கண்ணும் நகையும் முதலில் வர வேண்டும். முகத்தின் நிறம் அதற்குப் பிறகு. பின்னணி கடைசி. தவறிப் போய் முகத்தை முதலில் பூசிவிட்டால், பொட்டு முகத்துக்குப் பின்னால் மறைந்து போகும். தஞ்சாவூர்க் கலைஞர்கள் இப்படித்தான் வரைந்தார்கள். எனக்கு இதை நினைத்தாலே தலை சுற்றுகிறது.

இப்போது, கையால் வரைந்ததா, அச்சடித்ததா? பாய் பூதக்கண்ணாடியைப் பாட்டியிடமே கொடுத்தார். செய்தித்தாளில் உள்ள படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரியும். அது அச்சு. பாட்டி பார்த்தபோது புள்ளி எதுவும் இல்லை. தென்னங்கீற்று ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. “தூரிகை இழுத்த மாதிரி இருக்கு” என்றார். கையால் வரைந்ததுதான்.

பிறகு பாட்டி ப்ரோச்சை இப்படியும் அப்படியும் ஆட்டினார். “தம்பி, நீலம் மாறுது. மரம் மாறல.”

நானும் பார்த்தேன். நேராகப் பிடித்தால் பளீர் நீலம். சாய்த்தால் கருநீலம், ஊதா. மயில் தோகை போல மினுங்கியது. பூசிய சாயம் இப்படி மாறாது. நீலத்தின் நடுவே மெல்லிய நரம்புக் கோடுகளும் தெரிந்தன.

அது சாயம் இல்லை. நீலக்கல்லும் இல்லை. வண்ணத்துப்பூச்சியின் இறகு!

தென் அமெரிக்கக் காடுகளில் மார்ஃபோ என்ற பெரிய வண்ணத்துப்பூச்சி வாழ்கிறது. அதன் இறகில் நீலச் சாயம் கிடையாது. வண்ணத்துப்பூச்சியைப் பிடித்தால் விரலில் தூள் ஒட்டும். அந்தத் தூள் ஒவ்வொன்றும் ஒரு சின்னச் செதில். மார்ஃபோவின் செதிலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரப்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்பும்போது நீலம் மட்டும் ஓங்கி வருகிறது. சோப்பு நுரையில் வானவில் தெரிவதும் கிட்டத்தட்ட இதே போலத்தான்.

1920-களில் இங்கிலாந்தில் இந்த இறகை வைத்து நகை செய்வது பிரபலமாக இருந்தது. பர்மிங்காம் நகரில் தாமஸ் மாட் என்பவரின் நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது. கண்ணாடியின் பின்பக்கம் மரத்தையும் கப்பலையும் வரைவார்கள். வானத்துக்கும் கடலுக்கும் இடம் விட்டுவிடுவார்கள். அதன் பின்னால் இறகை வைத்து, விளிம்பை மடக்கி மூடுவார்கள்.

ப்ரோச்சைத் திருப்பினோம். கொக்கி சாதாரணக் கொக்கி. கொக்கியை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது. ஊசியும் கொக்கியும் உடைந்தால் மாற்றியிருப்பார்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஸ்டெர்லிங் சில்வர்’, ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இருந்தது. மாட் நிறுவனத்தின் பொருள்களில் ‘டி.எல்.எம்.’ என்ற எழுத்துகள் இருக்கும். இதில் இல்லை. அதனால் செய்தவர் யார் என்று நாங்கள் சொல்லவில்லை. ஸ்டெர்லிங் என்றால் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி. தங்கத்துக்கு 916 என்கிறோமே, அதுபோல. விளிம்பு கறுத்ததும் வெள்ளி என்பதால்தான்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ நீலக்கல்லு இல்லையா?” என்றார்.

“இல்ல பாட்டி.”

“அடகு வெச்சா?”

“வெள்ளியை மட்டும் எடை போடுவாங்க. அதுவும் மெல்லிய விளிம்புதான். சொற்பம்தான் வரும்” என்றார் பாய்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவர் நீலக்கல் என்று சொல்லி அடகுக் கடையில் அவமானப்பட்டிருப்பார். அல்லது இரவே ஊறப்போட்டு எல்லாவற்றையும் இழந்திருப்பார். தண்ணீர் விளிம்பின் வழியே உள்ளே இறங்கும். சாயம் உரியும். இறகில் திட்டுத் திட்டாகக் கறை விழும். பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

பாட்டி கம்மலைக் கழற்றி அடகு வைத்தார். பீஸ் கட்டியாகிவிட்டது. ப்ரோச் வீட்டுக்குத் திரும்பியது.

அவருடைய அம்மா வேலை செய்த பங்களா இப்போது பாழடைந்து கிடக்கிறது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சுரங்கமும் மூடப்பட்டது.

அடுத்த வாரம் பாட்டி ஒரு சின்னத் தகர டப்பா கொண்டுவந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் ப்ரோச். மூடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பேத்திக்காக அவரே எழுதியது. எழுத்து கோணல்தான். ஆனால் பிழை இல்லை.

‘தண்ணீர் படக்கூடாது. புளி வேண்டாம். உன் கொள்ளுப்பாட்டியின் பொருள்.’