வேலையை விடாமல் விமானிப் பரீட்சை: கண்டியிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கண்டியில் ஒரு வங்கியிலோ கடையிலோ காலை எட்டரைக்குக் கையெழுத்து வைக்கிறவர் விமானியாக முடியுமா? எழுத்துப் பரீட்சைகளை முடிக்கும் வரை வேலையை விடத் தேவையில்லை என்பேன். பறக்கப் பழக இரத்மலானைக்குப் போயே ஆகவேண்டும். அது வேறு கணக்கு. படிப்பை வீட்டிலிருந்தே முடிக்கலாம். ஆனால் பாடப் பட்டியலை வைத்து நேரத்தைப் பங்கிடாதீர்கள். கையில் உள்ள நேரத்தை எண்ணிவிட்டுப் பாடங்களை அதற்குள் வையுங்கள்.

முதல் படி: புத்தகத்துக்கு முன் மருத்துவர்

தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு (பிபிஎல்) குறைந்தது 17 வயதும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழும் வேண்டும். வணிக விமானிக்கு (சிபிஎல்) 18 வயதும் முதல் வகுப்புச் சான்றிதழும். இதைத் தொழிலாக்க நினைப்பவர் முதல் வகுப்புப் பரிசோதனையை இப்போதே செய்துகொள்வது நல்லது. நிறப்பார்வையில் குறை இருப்பது, ஒரு வருடம் படித்து முடித்த பிறகு தெரியவந்தால் யாரிடம் போய் அழுவது?

அனுமதிப்பத்திரம் தருவது கட்டுநாயக்கவில் தலைமையகம் உள்ள சிவில் விமான சேவைகள் அதிகார சபை. சித்தியடைந்த பாடம் எத்தனை காலத்துக்குச் செல்லும் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதி வையுங்கள். பின்னால் வரும் அட்டவணை முழுவதும் அந்தக் கால வரம்பில்தான் தொங்கும். உதாரணத்துக்கு, ஐரோப்பிய விமானப் போக்குவரத்து விமானிப் பரீட்சை (ஏடிபிஎல்) எழுதுகிறவர்களுக்கு 13 பாடங்கள், ஒவ்வொன்றிலும் 75 வீதம், எல்லாவற்றையும் முடிக்க 18 மாதம்.

இரண்டாம் படி: உள்ள மணித்தியாலத்தை எண்ணுங்கள்

மாலை நேரத்தை நம்பாதீர்கள். ஐந்து மணிக்குக் கந்தோர் விட்டு, பேராதனை வீதி நெரிசலில் நின்று, கம்பளைக்குப் போய்ச் சேருகிறவரின் மூளைக்கு வழிசெலுத்தல் கணக்கு ஏறாது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒன்றேகால் மணி நேரம். வாரத்தில் ஐந்து நாள். சனிக்கிழமை மூன்று மணி நேரம். மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். ஞாயிறு வீட்டாருக்கு. அந்த நாளையும் எடுத்துக்கொண்டால் இரண்டாம் மாதமே வீட்டில் சண்டை வரும், படிப்பும் நிற்கும்.

நம் நாட்டவருக்கு இன்னொரு வசதி, மாதந்தோறும் வரும் போயா விடுமுறை. அதை மாதிரி வினாத்தாளுக்கு ஒதுக்குங்கள். எசல பெரஹெரா நாட்களில் மட்டும் கண்டி நகரத்தில் எந்தத் திட்டமும் நிற்காது. அந்த வாரங்களை ஆரம்பத்திலேயே வெறுமையாக விடுங்கள்.

மூன்றாம் படி: எது காலைக்கு, எது பஸ்ஸுக்கு

தனியார் விமானிக்கான பாடங்கள் ஒன்பது. வழிசெலுத்தலும் வானிலையும் கனமானவை. ஒவ்வொன்றும் ஐந்து வாரம் கேட்கும். பறத்தலின் தத்துவம், விமானத்தின் பொது அறிவு, செயல்திறன், விமானச் சட்டம் ஆகியவற்றுக்கு மும்மூன்று வாரம். மனிதச் செயலாற்றல், இயக்க நடைமுறை, வானொலித் தொடர்பு மூன்றும் ஒவ்வொரு வாரத்தில் முடியும். ஏறத்தாழ ஆறு மாதம்.

கணக்குப் போடவேண்டியவை விடியற்காலைக்கு. வழிசெலுத்தலுக்கான வட்டக் கணிப்பானைக் கையால் சுழற்றிப் பழக மேசை வேண்டும். மனப்பாடம் செய்யவேண்டியவை பஸ்ஸுக்கு. நெரிசலில் முன்னால் நிற்கும் பஸ்ஸின் இலக்கம் என்டி 4935 என்றால், "நவெம்பர் டெல்டா, ஃபோவர் நைனர் ட்ரீ ஃபைஃப்" என்று வாய்க்குள் சொல்லுங்கள். வானொலி உச்சரிப்பு அப்படித்தான் நாவில் ஏறும். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

நான்காம் படி: கண்டியையே பாடமாக்குங்கள்

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 அடி. அந்த உயரத்தில் நியம வெப்பநிலை சுமார் 12 பாகை. பகலில் 28 பாகை என்றால் 16 பாகை கூடுதல். பாகைக்கு 120 அடி வீதம் 1,920 அடி. அதை 1,600 உடன் கூட்டினால் அடர்த்தி உயரம் 3,500 அடியைத் தொடுகிறது. விமானத்துக்குக் கண்டி நகரம் அந்த நேரத்தில் இருமடங்கு உயரத்தில் இருக்கிறது. இயந்திரமும் இறக்கையும் அதற்கேற்பச் சோர்கின்றன. இந்தக் கணக்கைப் பகல் இடைவேளையில் ஒரு கடதாசித் துண்டில் போட்டுப் பார்த்தவர் செயல்திறன் தாளில் தடுமாறமாட்டார்.

வானிலைக்கும் இப்படியே. ஜனவரி விடியலில் பேராதனைப் பக்கம் மகாவலியை மூடும் பனி, ஹந்தானை மலைமுகட்டில் ஒட்டி நிற்கும் மேகம், ஏப்ரல் பிற்பகல் இடிமழை: ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கண்டியில் இருப்பவருக்கு இந்தப் பாடத்தில் கொழும்புக்காரரைவிட வாய்ப்பு அதிகம்.

ஐந்தாம் படி: மறுபடி பார்ப்பதற்கும் நாள் குறியுங்கள்

படித்தது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்பதை எர்மன் எபிங்கவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885இலேயே அளந்து காட்டினார். ஆகவே ஒரு அதிகாரத்தை முடித்த மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். பக்கங்களில் மஞ்சள் கோடு போடுவது படிப்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

ஆறாம் படி: லீவும் பயணமும்

கடை, காரியாலய ஊழியர் சட்டம் வருடாந்த லீவாக 14 நாளும், தனிப்பட்ட தேவைக்கு 7 நாளும் தருகிறது. வீட்டுக் கல்யாணத்துக்குக் கொஞ்சம் போக, மீதியைப் பரீட்சைக்கு முந்திய இரண்டு நாட்களுக்கு வையுங்கள். கட்டுநாயக்கவில் பரீட்சை என்றால் முதல் நாளே மலையிறங்கிவிடுங்கள். கடுகண்ணாவை இறக்கத்தில் ஒரு லொறி குறுக்கே நின்றால், ஆறு மாதப் படிப்பும் அங்கேயே நிற்கும்.

முதலில் விமானச் சட்டத்தை எழுதுங்கள். கணக்கில்லாத பாடம், துணிவு தரும். அதற்கான திகதியைக் குறித்துக்கொண்டு, இந்த வாரமே லீவுப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.