வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டர்: எந்தச் சாப்ட்வேர் நல்லது?



டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மில் பலருக்கு முதலில் அமைவது பெரிய கம்பெனி வேலையாக இருக்காது. ஐந்தாறு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஆடிட்டர் ஆபீஸ், நூல் கடை, லாரி புக்கிங் ஆபீஸ் என்று ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். சேர்ந்த பத்தாம் நாள் முதலாளி கேட்பார்: "ஏம்ப்பா தம்பி, ராத்திரியில ஏதாவது கோளாறுன்னா நீ வீட்டுலேர்ந்தே பார்த்துடலாமாமே? அதுக்கு எந்தச் சாப்ட்வேர் நல்லது?"

இதற்கு உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பெயரைச் சொல்லும் முன் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கேட்காமல் போட்டுக் கொடுத்தால், நாளைக்கு ஏதாவது நடக்கும்போது பழி சாப்ட்வேர் மேல் விழாது, போட்ட பையன் மேல்தான் விழும். நான் இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீசுக்குப் போய் வருகிறேன். அங்கே ஆறு கம்ப்யூட்டர்கள். அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். தூரத்துக் கம்ப்யூட்டரை நாம் இயக்கும்போது, நம் விசைகளும் மவுஸ் அசைவும் அங்கே போகின்றன. அங்குள்ள திரையின் படம் இங்கே வருகிறது. போவது கொஞ்சம், வருவதுதான் அதிகம். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு முழுத் திரைக்கு 82,94,400 பைட். வினாடிக்கு 10 படம் அனுப்பினால் சுமார் 66 கோடி பிட்! எந்த ஆபீஸ் லைன் இதைத் தாங்கும்? அதனால்தான் எல்லாச் சாப்ட்வேரும் மாறிய பகுதியை மட்டும் எடுத்து, சுருக்கி அனுப்புகின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படம் கிளம்புவது ஆபீசிலிருந்து. ஆகவே ஆபீஸ் லைனின் அப்லோடு வேகம்தான் முக்கியம். உங்கள் வீட்டில் எவ்வளவு வேகம் வைத்திருந்தாலும் அது இரண்டாம் பட்சமே.

இத்துறையில் இரண்டு பழைய குடும்பங்கள் உள்ளன. ஒன்று வி.என்.சி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் பிறந்து, 1998-ல் மூல நிரலோடு இலவசமாக வெளிவந்தது. மற்றது மைக்ரோசாப்டின் ஆர்.டி.பி. அதே 1998-ல் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு வந்தது. இவை இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். உட்கார்ந்து பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

சாதாரண விண்டோஸ் மெஷினில் ஆர்.டி.பி. வழியாக நுழைந்தால், அங்கே இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். வி.என்.சி.யில் இருவருக்கும் ஒரே திரை. சொல்லாமல் நுழைந்தால், "தம்பி, பில்லு போட்டுக்கிட்டு இருக்கேன், மவுசு தானா ஓடுதுப்பா!" என்று அக்கவுண்டன்ட் அக்கா போன் போடுவார். ஆகவே முதல் கேள்வி இதுதான்: அந்தப் பக்கம் ஆள் இருக்கும்போது உதவி செய்யப் போகிறோமா, ஆளில்லாத மெஷினைப் பார்க்கப் போகிறோமா? உதவிக்கு வி.என்.சி. வகை. ஆளில்லாத சர்வருக்கு ஆர்.டி.பி. வகை. அந்தச் சர்வர் லினக்ஸ் என்றால் இரண்டுமே வேண்டாம்; 1995-ல் பின்லாந்தில் உருவான எஸ்.எஸ்.ஹெச். போதும், திரைப்படமே தேவையில்லை, எழுத்துதான் ஓடும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள மெஷினுக்குள் ஆர்.டி.பி.யில் நுழைய முடியாது; புரொபஷனல் வேண்டும். கடையில் மலிவாக வாங்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும். முதலாளியிடம் வாக்குக் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்விதான் உயிர் நாடி: வெளியிலிருந்து உள்ளே போகிற வழி எது?

பலர் செய்வது, ரவுட்டரில் போர்ட் பார்வர்டிங் போட்டு ஆர்.டி.பி.யின் 3389-ஐ அப்படியே வெளி உலகுக்குத் திறந்து விடுவது. ஐந்து நிமிட வேலை. உடனே வேலை செய்யும், முதலாளிக்கும் சந்தோஷம். ஆனால் இன்டர்நெட்டில் 3389 திறந்திருக்கும் முகவரிகளைத் தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடுகின்றன. கண்டுபிடித்ததும் பாஸ்வேர்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளி ஆபீசில் யாரோ இப்படித் திறந்து வைத்து, பாஸ்வேர்டாகக் கடைப் பெயரையே கொடுத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் எல்லாப் பைல்களும் பூட்டப்பட்டுக் கிடந்தன; பணம் கேட்டு ஒரு குறிப்பு. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கும் அதே மெஷினிலேயே செருகியிருந்ததால் அதுவும் போயிற்று. மூன்று வருடக் கணக்கைப் பில் புத்தகங்களிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். இப்படிப்பட்ட சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது. அந்த ஆபீசில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

நல்ல பாஸ்வேர்டு வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 2019 மே மாதம் வெளியான ப்ளூகீப் என்ற ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. ஆதரவு எப்போதோ முடிந்து போயிருந்த எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாப்ட் அன்று திருத்தம் கொடுத்தது என்றால் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். வி.என்.சி.யின் பழைய பாஸ்வேர்டு முறையோ முதல் 8 எழுத்தை மட்டுமே பார்க்கும். படமும் மறைகுறியாக்கம் இல்லாமல் போகும். அதை நேரடியாகத் திறந்து விடுவது வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி.

அடுத்த வழி, நடுவில் ஒரு கம்பெனியின் சர்வர் இருப்பது. டீம்வியூவர், எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் எல்லாம் இவ்வகை. இரண்டு பக்கமும் வெளியே போய் அந்தச் சர்வரைத் தொடுகின்றன. அது இருவரையும் சேர்த்து வைக்கிறது. ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் இன்டர்நெட் கம்பெனிகள் இப்போது ஏராளம். ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அநேகமாக அந்த வகைதான். அங்கே போர்ட் பார்வர்டிங்கே பலிக்காது, இவ்வகைச் சாப்ட்வேர் மட்டும் ஓடும். வசதி என்றால் வசதிதான், மறுக்கவில்லை.

ஆனால் சாவி அந்தக் கம்பெனியையும் நம்பி இருக்கிறது. எனிடெஸ்கின் சர்வர்களுக்குள் யாரோ புகுந்துவிட்டதாக 2024 பிப்ரவரியில் அக்கம்பெனியே அறிவித்தது. லாக்மீஇன் தன் இலவசச் சேவையை 2014 ஜனவரியில் திடீரென்று நிறுத்தியது. இலவசம் என்று நாம் இறக்கும் டீம்வியூவரும் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். ஆபீசில் போட்டால் ஒரு நாள் வர்த்தக உபயோகம் என்று கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்கும். அது பெரும்பாலும் ஜி.எஸ்.டி. கடைசித் தேதியன்றுதான் நடக்கும்! லைசென்ஸ் பணத்தை முதல் நாளே கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று: எனிடெஸ்க் வழியாகப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. "பேங்க்லேர்ந்து பேசறோம், அந்த நம்பரைச் சொல்லுங்க" என்று போன் வந்தால் சொல்லக் கூடாது என்பதை ஆபீசில் உள்ள அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுங்கள். நாம்தான் அதைப் போட்டுக் கொடுத்தோம். நாம்தான் சொல்லவும் வேண்டும்.

மூன்றாவது வழி வி.பி.என். வீட்டு மெஷினை மறைகுறியாக்கிய ஒரு குழாய் மூலம் ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்த்துவிட்டு, உள்ளே போன பிறகு எந்தச் சாப்ட்வேரை வேண்டுமானாலும் உபயோகிப்பது. எனக்குப் பிடித்தது வயர்கார்ட். 2020-ல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது. சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் பதிலே சொல்லாது. அப்படி ஒன்று அங்கே இருப்பதே வெளியில் தெரியாது.

எங்கள் ஆபீசில் கடைசியில் அமைந்தது இதுதான். மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி நிலையான ஐ.பி. முகவரி வாங்கினோம். மூலையில் கிடந்த பழைய மெஷினில் லினக்ஸ் போட்டு அதில் வயர்கார்ட். டேலி ஓடும் சர்வருக்கு ஆர்.டி.பி.; மற்ற ஐந்தில் நான்கு ஹோம் பதிப்பு என்பதால் ஐந்திலுமே டைட்வி.என்.சி. இது ஆபீசிலும் இலவசமாக உபயோகிக்கக் கூடியது. நுழையும்போது எதிரில் இருப்பவரிடம் சம்மதம் கேட்கும்படி அமைத்திருக்கிறேன். பேக்கப் டிஸ்க்கை வாரம் ஒருமுறை கழற்றிச் சார் வீட்டுக்கே எடுத்துப் போகிறார்.

இத்தனையும் செய்து, கரண்ட் போய் வந்து மெஷின் அணைந்து கிடந்தால் என்ன பிரயோஜனம்? பயாஸில் கரண்ட் திரும்பியதும் தானே எழும் அமைப்பு இருக்கும், அதைப் போடுங்கள். தூங்கும் மெஷினை எழுப்ப வேக்-ஆன்-லேன் உண்டு. 6 எப்.எப். பைட், அதன் பின் அந்த மெஷினின் மேக் முகவரி 16 முறை, மொத்தம் 102 பைட். இது வெளியிலிருந்து ரவுட்டரைத் தாண்டி வருவது கடினம். எப்போதும் ஓடும் அந்த லினக்ஸ் மெஷினிலிருந்தே அனுப்பிவிடலாம்.

சாவிகளும் பாஸ்வேர்டுகளும் எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் தமிழிலேயே எழுதி, கவரில் ஒட்டிச் சாரிடம் கொடுத்திருக்கிறேன். பீரோவில் இருக்கிறது. நான் வேலையை விட்டு நின்றால் எந்தச் சாவியை அழிக்க வேண்டும் என்பது அதில் முதல் வரி.