குழாய்க்குக் கடன் கொடுப்பவரும் கட்டணம் செலுத்துபவரும்

குடிநீர்க் கட்டணம் உயரும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு விதமான கருத்துகள் எழுகின்றன. "குழாய் பதிக்கும் பொறுப்பைத் தனியார் நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறதே, அதற்கான பணத்தையும் அந்நிறுவனமே போட வேண்டியதுதானே?" என்பது ஒன்று. "தண்ணீர் அடிப்படைத் தேவை, செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும்" என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் இரண்டுமே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனியாமல் விட்டுவிடுகின்றன. வீட்டுக்கடன் பெற்ற வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் தம் அனுபவத்தில் அறிந்த வேறுபாடுதான் அது. அதனைத் தெளிவுபடுத்திக்கொண்டு, தனியார் கைக்குச் சென்ற குடிநீர்க் கட்டமைப்பின் செலவை யார் ஏற்பது முறை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நிதி அளிப்பது வேறு, செலவை ஏற்பது வேறு

வங்கிக் கடனில் ஒருவர் வீடு கட்டுகிறார். கொத்தனாருக்கும் செங்கல் சூளைக்கும் முதலில் சென்று சேர்வது வங்கியின் பணம். அதனால் அந்த வீட்டின் செலவை வங்கி ஏற்றுக்கொண்டது என்று யாரும் சொல்வதில்லை. வாங்கியவர் தம் மாத வருமானத்திலிருந்து அசலையும் வட்டியையும் தவணையாகச் செலுத்துகிறார். வங்கி அளித்தது நிதி; செலவை ஏற்றவர் வீட்டுக்காரர்.

குடிநீர்க் குழாய்க்கும் இதே கணக்குதான். ஒரு நிறுவனம் தன் பங்கு மூலதனத்தையும் வங்கிக் கடனையும் கொண்டு நீரேற்று நிலையமும் குழாய்களும் அமைக்கலாம். கடனுக்கு வட்டியும் மூலதனத்துக்கு ஆதாயமும் எங்கிருந்தேனும் வந்தாக வேண்டும். அவை வருவதற்கு இரண்டே வழிகள் உள்ளன: பயன்படுத்துவோர் செலுத்தும் கட்டணம், மக்கள் செலுத்தும் வரி. தனியார்மயம் மூன்றாவது பணப்பை ஒன்றைத் திறந்துவிடுவதில்லை. பணத்தை இன்று தருபவர் யார் என்பதை மட்டுமே அது மாற்றுகிறது.

அப்படியானால் முதலீட்டாளருக்கு ஆதாயம் எதற்காகத் தரப்படுகிறது? இடருக்காக. கணக்கு தவறினால் தம் பணத்தை இழக்க அவர் உடன்படுகிறார். அந்த உடன்பாட்டுக்கான ஊதியமே ஆதாயம். இந்தக் கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் செய்திகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

ஒரு சிறு கணக்கு

எடுத்துக்காட்டாக, 50,000 குடும்பங்கள் வாழும் ஒரு நகரத்தை எண்ணிக்கொள்வோம். அங்கே 100 கோடி ரூபாயில் புதிய குடிநீர்க் குழாய்கள் பதிக்க வேண்டும். பராமரிப்பு, மின்சாரம், ஊழியர் சம்பளம் ஆகியவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வைத்து, கட்டுமானச் செலவை மட்டும் பார்ப்போம்.

முழுத்தொகையையும் உடனே வசூலித்தால் குடும்பத்துக்கு 20,000 ரூபாய் ஆகும். 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால், ஆண்டுக்குச் சுமார் 10.95 கோடி ரூபாய் திருப்பிச் செலுத்த வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாதம் ஏறத்தாழ 183 ரூபாய். அதே 100 கோடியை ஒரு தனியார் நிறுவனம் முழுவதும் தன் மூலதனமாக இட்டு, 14 விழுக்காடு ஆதாயத்துடன் 20 ஆண்டுகளில் மீட்டுக்கொள்வதானால், ஆண்டுக்கு ஏறத்தாழ 15.10 கோடி ரூபாய் தேவை. ஒரு குடும்பத்துக்கு மாதம் சுமார் 252 ரூபாய். நடைமுறையில் கடனும் மூலதனமும் கலந்தே இருக்கும். எனவே கட்டணம் இவ்விரண்டுக்கும் இடையில் அமையும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மாதம் 69 ரூபாய். இது இடரின் விலை. கட்டுமானம் தாமதமானாலும், மதிப்பீட்டை மீறிச் செலவானாலும், நட்டத்தை நிறுவனமே தாங்குமெனில் இந்த 69 ரூபாய் நியாயமான விலை. ஒப்பந்தத்தில் அந்நட்டங்களும் மக்கள் தலையிலேயே ஏற்றப்பட்டிருந்தால், மாதந்தோறும் நாம் வாங்காத பொருளுக்கு விலை கொடுக்கிறோம் என்றே கொள்ள வேண்டும்.

இங்கிலாந்து கற்றுத்தரும் பாடம்

இக்கணக்கு நடைமுறையில் எப்படி நடந்தேறுகிறது என்பதைக் காண இங்கிலாந்தைவிடப் பொருத்தமான களம் இல்லை. அங்கும் வேல்ஸிலும் இருந்த 10 மண்டல நீர் ஆணையங்கள் 1989-ஆம் ஆண்டில் தனியாருக்கு விற்கப்பட்டன. அவற்றின் சுமார் 500 கோடி பவுண்டு கடனை அரசு தள்ளுபடி செய்ததோடு, 150 கோடி பவுண்டு ரொக்கமும் அளித்தது. ஆகவே அந்நிறுவனங்கள் ஏறக்குறையக் கடனற்ற நிலையில் தொடங்கின. கட்டணத்தைக் கட்டுப்படுத்த 'ஆஃப்வாட்' என்ற ஒழுங்குமுறை ஆணையமும் அமைக்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டண வரம்பை நிர்ணயிப்பது அதன் பணி.

விற்பனைக்குக் காரணமே இல்லாமலில்லை. அரசின் கடன் வரம்புகளால் முந்தைய ஆணையங்கள் முதலீடின்றித் தவித்தன. தனியார்மயத்துக்குப் பிறகு முதலீடு பெருகியது. குடிநீரின் தரமும் உயர்ந்தது. இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

சிக்கல் வேறோர் இடத்தில் முளைத்தது. லண்டன் மாநகரையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த சுமார் 1.6 கோடி மக்களுக்குச் சேவை வழங்கும் 'தேம்ஸ் வாட்டர்' நிறுவனம், 2006 முதல் 2017 வரை ஆஸ்திரேலியாவின் மக்குவாரி தலைமையிலான முதலீட்டாளர் குழுவிடம் இருந்தது. அக்காலத்தில் அதன் கடன் சுமார் 340 கோடி பவுண்டிலிருந்து 1,080 கோடி பவுண்டாக வளர்ந்தது. அதே காலத்தில் பெருந்தொகை ஈவுத்தொகையாகவும் வெளியேறியது. கட்டமைப்பிலும் கணிசமாக முதலீடு செய்யப்பட்டது உண்மையே. ஆயினும் ஒரு கையால் கடன் பெற்று மறு கையால் ஈவுத்தொகை வழங்கும் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பு எந்த வங்கி அலுவலரையும் யோசிக்க வைக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நிறுவனம் உண்மையில் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறது என்பதை வைத்து ஆஃப்வாட் கட்டணத்தை நிர்ணயிப்பதில்லை. ஒரு நிறுவனத்துக்கு இவ்வளவு கடன் இருப்பது பொருத்தம் என்று தானே ஓர் அளவை வகுத்து, அதற்கேற்ற வட்டியையும் ஆதாயத்தையும் மட்டுமே அனுமதிக்கிறது. ஆகவே மிகைக்கடனின் வட்டி பங்குதாரருடைய சுமை என்பதே விதி. ஏட்டில் இவ்விதி செம்மையாகத்தான் இருந்தது. ஆனால் வட்டி கட்டவே பணம் போதாதபோது, நிறுவனத்துக்குப் பராமரிப்பைத் தள்ளிப்போடும் எண்ணம் தோன்றுகிறது. மாற்றாத குழாய் கசிகிறது. விரிவாக்காத கழிவுநீர் நிலையம் நிரம்பி ஆற்றில் கலக்கிறது. பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட வேலை ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது, அதன் செலவைக் கட்டணமாகச் செலுத்துபவர் வாடிக்கையாளரே.

2024 மார்ச் மாதத்தில், உறுதியளித்திருந்த 50 கோடி பவுண்டை அளிக்கத் தேம்ஸ் வாட்டரின் பங்குதாரர்கள் மறுத்துவிட்டனர். கடன் 1,600 கோடி பவுண்டைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில், 9.75 விழுக்காடு வட்டியில் 300 கோடி பவுண்டு வரையிலான அவசரக் கடனுக்கு நீதிமன்றம் அனுமதி அளித்தது. அதே ஆண்டு மே மாதத்தில், கழிவுநீர் தொடர்பான விதிமீறல்களுக்காகவும் ஈவுத்தொகை விதிமீறலுக்காகவும் 12.27 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. முதலீட்டை இழந்தவர்களுள் கனடா நாட்டு உள்ளாட்சி ஊழியர்களின் ஓய்வூதிய நிதியமும், பிரிட்டன் பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியமும் இருந்தன. அவை 2017-இல்தான் நுழைந்தவை. ஈவுத்தொகை பெற்றவர் வெளியேறிவிட்டார். பின்னர் வந்தவர் இழந்தார்.

இதற்கிடையே, 2025 முதல் 2030 வரை 10,400 கோடி பவுண்டு செலவிட அந்நாட்டின் நீர் நிறுவனங்களுக்கு ஆஃப்வாட் அனுமதி அளித்தது. அதற்காகப் பணவீக்கம் நீங்கலாகச் சராசரி 36 விழுக்காடு கட்டண உயர்வும் ஏற்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மட்டும் ஒரு குடும்பத்தின் சராசரி ஆண்டுக் கட்டணம் 123 பவுண்டு உயர்ந்து 603 பவுண்டை எட்டியது.

தனியாரை அகற்றிவிட்டால் கட்டணம் குறைந்துவிடுமா? வேல்ஸ் நாட்டில் 2001 முதல் பங்குதாரரே இல்லாத ஓர் அமைப்பு குடிநீர் வழங்குகிறது. உபரி முழுவதும் சேவைக்கே திரும்புகிறது. ஆயினும் 2025-இல் அங்கும் கட்டணம் உயரவே செய்தது. உரிமையாளர் யாராயினும் பழைய குழாயை மாற்றும் செலவு மறைந்துவிடுவதில்லை. அச்செலவின் மீது வேறு என்னென்ன ஏற்றப்படுகிறது என்பதே உரிமையாளரைப் பொறுத்து மாறுகிறது.

நம் நாட்டில் திருப்பூர்

நம் நாட்டில் குடிநீர் மாநிலங்களின் பொறுப்பு. கட்டணத்தை முடிவு செய்வதில் உள்ளாட்சி அமைப்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இங்கிலாந்தைப் போல நாடு முழுவதற்குமான நீர்க்கட்டண ஆணையம் இங்கில்லை. எனவே ஒரு நகரம் தனியாரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமே அந்த ஆணையத்தின் வேலையையும் செய்ய வேண்டியிருக்கிறது.

இவ்வகையில் முன்னோடியானது திருப்பூர்த் திட்டம். அரசும், நிதி நிறுவனங்களும், ஏற்றுமதியாளர் சங்கமும் இணைந்து ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய்ச் செலவில் அதனை உருவாக்கின. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் வழங்கும் திறனுடன், 30 ஆண்டு ஒப்பந்தத்தில் அது அமைந்தது. சாயப்பட்டறைகள் உள்ளிட்ட தொழிற்கூடங்கள் உயர்ந்த கட்டணம் செலுத்தும். அதனால் வீடுகளுக்குக் குறைந்த விலையில் நீர் கிடைக்கும் என்பது ஏற்பாடு. ஏழைக் குடும்பத்தின் சுமையை, நீரை மூலப்பொருளாகக் கொண்ட தொழில் தாங்குவது சிறந்த எண்ணமே.

ஆனால் திட்டத்தின் வருமானம் ஒரே தொழிலைச் சார்ந்து நின்றது. நீருக்கான தேவை எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை. 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்று மாசு தொடர்பாக, கழிவுநீரை முற்றிலும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைகள் மூடப்பட்டதும் பெருங்கட்டணம் செலுத்திவந்தவர்களின் தேவை சரிந்தது. கடன்களை மறுசீரமைக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய திட்டம் தடுமாறும்போது சுமை யார் மீது விழுகிறது? கட்டணம் உயர்ந்தால் பயன்படுத்துவோர் மீது. அரசு கைகொடுத்தால் வரி செலுத்துவோர் மீது. வங்கிக் கடன் வாராக்கடனானால், அந்த வங்கியின் மூலதனத்தின் மீதும், அதனை ஈடுகட்டும் மக்கள் பணத்தின் மீதும். வாடிக்கையாளராகவும், வரி செலுத்துபவராகவும், வைப்புத்தொகை வைத்திருப்பவராகவும் மூன்று இடங்களிலும் நிற்பவர் நாமே.

யார் எதை ஏற்பது முறை?

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு நெறிகளைத் தொகுத்துக்கொள்ளலாம்.

முதலாவதாக, அன்றாட இயக்கச் செலவையும் தேய்மானத்தையும் பயன்படுத்துவோர் தம் பயன்பாட்டுக்கேற்ப ஏற்பது முறை. இச்செலவை ஈடுகட்டாத மலிவான கட்டணம், கசியும் குழாயாகவே திரும்பி வரும்.

இரண்டாவதாக, புதிய கட்டமைப்பின் செலவு அதன் ஆயுட்காலம் முழுவதும் பகிரப்பட வேண்டும். 50 ஆண்டு உழைக்கும் குழாயின் விலை முழுவதையும் இன்றைய தலைமுறை ஐந்தாண்டில் செலுத்துவது நியாயமன்று. அதற்காகவே நீண்டகாலக் கடன் இருக்கிறது.

மூன்றாவதாக, ஏழைக் குடும்பத்தின் அடிப்படைத் தேவைக்கான நீரும், ஊர் முழுவதன் நலத்தைக் காக்கும் கழிவுநீர் அகற்றலும் பொது நன்மைகள். அவற்றில் ஒரு பகுதியை வரிப்பணம் தாங்குவது தகும். ஆனால் அந்த மானியம் வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாக இடம்பெற வேண்டும்.

நான்காவதாக, தவறான மதிப்பீடு, தாமதம், மிகைக்கடன், அபராதம் ஆகியவற்றின் சுமை உரிமையாளருடையது. அதற்காகவே அவருக்கு வட்டியைவிட உயர்ந்த ஆதாயம் தரப்படுகிறது.

சென்னையை அடுத்த ஆலந்தூரில், அது தனி நகராட்சியாக இருந்தபோது நிறைவேற்றப்பட்ட பாதாளச் சாக்கடைத் திட்டம் இங்கே நினைவுகூரத்தக்கது. அங்கு ஒவ்வொரு வீட்டிடமிருந்தும் 5,000 ரூபாய் வைப்புத்தொகை பெறப்பட்டது. மீதியைக் கடனும் மானியமும் ஈடுசெய்தன. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் அமைத்தனர். எதற்காக, எவ்வளவு செலுத்துகிறோம் என்பதைக் குடியிருப்போர் முன்கூட்டியே அறிந்திருந்தனர். செலவு தெளிவாகச் சொல்லப்பட்டால் மக்கள் அதனை ஏற்கத் தயங்குவதில்லை என்பதற்கு அது சான்று.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

நம் நகரில் இத்தகைய ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்போதோ, கட்டண உயர்வு அறிவிக்கப்படும்போதோ, சில கேள்விகளை நாம் எழுப்பலாம். கட்டணத்தில் இயக்கச் செலவு எவ்வளவு, கட்டுமானச் செலவின் மீட்பு எவ்வளவு, ஆதாயம் எவ்வளவு? நிறுவனம் வாங்கக்கூடிய கடனுக்கு உச்சவரம்பு உண்டா? பராமரிப்பு இலக்கை எட்டாத ஆண்டில் ஈவுத்தொகை நிறுத்தப்படுமா? நீரின் தேவை குறைந்தால் இழப்பு யாருடையது? ஒப்பந்தம் முடிந்து கட்டமைப்பு நகராட்சியிடம் திரும்பும்போது அது எந்த நிலையில் இருக்க வேண்டும்?

உள்ளாட்சி அமைப்பிடம் உள்ள ஒப்பந்த ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ்க் கோரலாம். குடியிருப்போர் நலச்சங்கங்கள் இப்பணியை மேற்கொள்வது இன்னும் சிறப்பு. வீட்டுக்கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் முன் வட்டி விகிதம், தவணைக்காலம், அபராதக் கட்டணம் ஆகியவற்றைப் படித்துப் பார்க்கிறோம். குடிநீர்த் திட்டத்தின் தவணையையும் 20, 30 ஆண்டுகளுக்கு நாமே செலுத்தப்போகிறோம். அந்தப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நம் கடமை.